கேள்வி-பதில்: எத்தனை பேரில், யாரோடு ஒப்பிட்டு?

பல்கலைக்கழக ஆய்வுச் செய்திகளைப் பற்றி இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மருத்துவம் பற்றியவை. மீதியை இயற்பியலும் சமூக அறிவியலும் பங்கிட்டுக்கொண்டன. சென்ற முறையும் கேட்டுக்கொண்டேன், இம்முறையும் கேட்டுக்கொள்கிறேன்: செய்தித்தாள் நறுக்கு அனுப்புவோர் தேதியையும் பல்கலைக்கழகத்தின் பெயரையும் கத்தரித்து எறிந்துவிட்டு அனுப்ப வேண்டாம்.

கேள்வி: அக்கித் தடுப்பூசி போட்டுக்கொண்டால் மறதி நோய் வராது என்று அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று நிரூபித்துவிட்டதாமே? என் தாயாருக்கு 82 வயது. உடனே போட்டுவிடலாமா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: 'வராது' என்று எவரும் நிரூபிக்கவில்லை. தாங்கள் குறிப்பிடுவது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு 2025 ஏப்ரலில் 'நேச்சர்' ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை. அதன் சிறப்பு முடிவைவிட ஒப்பீட்டில்தான் இருக்கிறது. தடுப்பூசி போட்டுக்கொள்பவர்கள் பொதுவாக உடல்நலத்தில் அக்கறை உள்ளவர்கள். அவர்களுக்கு நோய் குறைவாக வந்தால் அது ஊசியால் வந்த நன்மையா, அக்கறையால் வந்த நன்மையா என்று பிரித்தறிய முடியாது. வேல்ஸ் நாட்டில் 2013 செப்டம்பர் 1-இல் அக்கித் தடுப்பூசித் திட்டம் தொடங்கியபோது, 1933 செப்டம்பர் 2-க்கு முன் பிறந்தவர்களுக்கு வயது கடந்துவிட்டது என்று ஊசி மறுக்கப்பட்டது. அந்நாளிலும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்கு வழங்கப்பட்டது. ஆகஸ்ட் 30-இல் பிறந்த ஒரு மூதாட்டியும் செப்டம்பர் 5-இல் பிறந்த அவருடைய பக்கத்து வீட்டு மூதாட்டியும் உணவிலோ, படிப்பிலோ, பழக்கத்திலோ பெரிதும் வேறுபட்டிருக்க ஒரு காரணமும் இல்லை. ஒருவருக்கு ஊசி உண்டு, மற்றவருக்கு இல்லை, அவ்வளவுதான். அரசு போட்ட ஒரு தேதிக் கோடு, ஆய்வாளர்கள் கோடி செலவிட்டாலும் எளிதில் அமைக்க முடியாத சோதனையைத் தானாகவே அமைத்துக் கொடுத்துவிட்டது.

சுமார் 2,80,000 பேரின் பதிவுகளை ஏழாண்டுக் காலத்துக்கு ஆராய்ந்ததில், ஊசி போட்டுக்கொண்டவர்களிடம் மறதி நோய் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. எத்தனை பேரில் என்று கேளுங்கள். நூறு பேரில் பதினேழு பதினெட்டுப் பேருக்கு வரக்கூடியது பதினான்கு பேர் அளவில் நின்றது. குறைவு மெய்தான், ஆனால் அது நூற்றுக்கு மூன்று, நான்கு பேர். அந்த ஆய்வில் இருந்தது உயிருள்ள, வீரியம் குறைந்த கிருமியால் ஆன பழைய ஊசி. இப்போது பெரும்பாலும் போடப்படுவது வேறு வகை. அக்கி வந்தவர்கள் படும் எரிச்சலும், புண் ஆறிய பின்னும் மாதக்கணக்கில் விடாத நரம்பு வலியுமே ஊசியைப் பற்றி யோசிக்கப் போதுமான காரணங்கள். (குயவரிடம் காவியால் அக்கி எழுதிக்கொண்ட தலைமுறைக்கு அந்த வலியைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை.) தாயாரை அறிந்த மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள், செய்தித்தாள் நறுக்கைக் கேட்டு வேண்டாம்.

கேள்வி: அறை வெப்பநிலையில் வேலை செய்யும் மீகடத்தியைக் கொரியர்கள் கண்டுபிடித்துவிட்டார்களே, மின்கட்டணம் எப்போது குறையும்? (ஈரோடு வாசகர்)

பதில்: குறையாது. மீகடத்தி என்பது மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருள். கொரியர்கள் அப்படி அறிவித்த 'எல்.கே.-99' என்னும் பொருளைப் பற்றி 2023 ஜூலையில் எழுந்த பரபரப்பு அதே ஆகஸ்டில் அடங்கிவிட்டது. மாதிரியில் கலந்திருந்த செப்பு சல்ஃபைடு என்னும் மாசு ஏறத்தாழ 100 பாகை செல்சியசில் தன் அமைப்பை மாற்றிக்கொள்வதால் மின்தடை சட்டென்று விழுந்தது; அதுவே மீகடத்தலாகத் தோன்றியது. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் மாசில்லாமல் வளர்த்த படிகமோ மின்சாரத்தைக் கடத்தவே மறுத்தது.

கேள்வி: கொரோனா காலத்தில் டெக்ஸாமெத்தசோன் மாத்திரை உயிர் காத்தது என்று ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகமே சொன்னது. வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் இரண்டு மாத்திரை கொடுத்துவிடுகிறேன். சரிதானே? (வேலூர் வாசகர்)

பதில்: தவறு, ஆபத்தான தவறு. இன்றே நிறுத்துங்கள், நாள்கணக்கில் தொடர்ந்து கொடுத்து வந்திருந்தால் மட்டும், நிறுத்தும் முறையை மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள். 2020 ஜூனில் வெளியான அந்த முடிவை முழுவதும் படித்திருந்தால் இக்கேள்வியே எழுந்திருக்காது. செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தவர்களிடம் 28 நாள் இறப்பு நூற்றுக்கு 41-லிருந்து 29 ஆகக் குறைந்தது. ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களிடம் 26-லிருந்து 23 ஆக. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களிடம் பயன் எதுவும் தென்படவில்லை. மருந்து பெறாதவர்களில் 14 என்றால் பெற்றவர்களில் 18 பேர் இறந்திருந்தனர். இந்தக் கடைசி வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் நன்மைக்கு அது சான்று அன்று. மருத்துவமனைப் படுக்கையில் மூச்சுக்குத் திணறியவர்களைப் பற்றிய முடிவை, தங்கள் வீட்டுக் கூடத்தில் சளிக் காய்ச்சலோடு படுத்திருப்பவருக்குப் பொருத்துவது எப்படி? 2021-இல் கரும்பூஞ்சை நோய் பரவியபோது, நீரிழிவோடு, டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகளின் மிகையும் சேர்ந்ததை மருத்துவர்கள் முக்கியக் காரணமாகக் காட்டினார்கள் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

கேள்வி: பல்கலைக்கழகங்கள் ஒழுங்காகத்தான் ஆய்வு செய்கின்றன, பத்திரிகையாளர்கள்தாம் ஊதிப் பெரிதாக்கிக் கெடுக்கிறார்கள் என்கிறேன். ஒப்புக்கொள்வீர்களா? (மதுரை வாசகர்)

பதில்: பாதியைத்தான் ஒப்புக்கொள்வேன். இந்தப் பழியைப் பத்திரிகையாளர் தலையில் மட்டும் கட்டுவது நெடுநாளாக எனக்கு உறுத்தும் விஷயம் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கார்டிஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் முன்னின்று நடத்தி 2014 டிசம்பரில் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. பிரித்தானியாவின் முன்னணிப் பல்கலைக்கழகங்கள் இருபது, 2011-ஆம் ஆண்டில் உடல்நலம் தொடர்பாகப் பத்திரிகைகளுக்கென வெளியிட்ட 462 செய்திக் குறிப்புகளை எடுத்து, ஒவ்வொன்றையும் அதன் மூல ஆய்வுக் கட்டுரையோடும், அதை வைத்து எழுதப்பட்ட செய்திகளோடும் வரி வரியாக ஒப்பிட்டார்கள். பல்கலைக்கழகத்தின் செய்திக் குறிப்புகளிலேயே, கட்டுரையில் இல்லாத அளவுக்கு மிகைப்படுத்திய அறிவுரை பத்தில் நான்கில் இருந்தது. இரண்டு விஷயங்கள் சேர்ந்து காணப்பட்டன என்பதை ஒன்றால் மற்றது விளைந்தது என்று மாற்றிச் சொன்னவை மூன்றில் ஒன்று. விலங்குகளில் கண்டதை மனிதருக்கு ஏற்றிச் சொன்னவையும் மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேல். அதாவது செய்தி நிருபரின் மேசைக்கு வரும்போதே பால் தண்ணீராகத்தான் வருகிறது. குறிப்பில் விலங்கை மனிதனாக்கியிருந்தால் செய்திகளிலும் நூற்றுக்கு 86 அதையே சொல்லின. குறிப்பு நேர்மையாக இருந்தபோது அது பத்தாகச் சுருங்கியது. மிகைப்படுத்திய குறிப்புகளுக்குச் செய்தியில் கூடுதல் இடம் கிடைத்ததா என்றால், அதற்கும் தெளிவான சான்று இல்லை.

என் மேசைக்கும் அப்படி ஒன்று வந்தது. எந்தப் பல்கலைக்கழகம் என்பது வேண்டாம். முகப்பில் தடித்த எழுத்தில் 'புற்றுநோயை அழிக்கும் மூலிகை' என்று இருந்தது. நான்காம் பக்கத்தின் அடியில்தான், சோதனை நடந்தது கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களின்மீது என்பது தெரிந்தது. மனிதர் இல்லை, எலிகூட இல்லை. அடுப்படி உப்பை அள்ளிப் போட்டாலும் அந்தத் தட்டிலுள்ள செல்கள் செத்துப்போகும். குறிப்பை எழுதியவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். ஆய்வை நடத்திய பேராசிரியரே தலைப்பைப் படித்துப் பார்த்து ஒப்புதல் கொடுத்ததாகச் சொன்னார். பத்திரிகையாளரைத் திட்டுவதற்கு முன் இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள்.

கேள்வி: தினமும் காபி குடித்தால் ஆயுள் கூடும் என்று ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் சொல்கிறது. எத்தனை கோப்பை? (ஊர் குறிப்பிடாத வாசகர்)

பதில்: எந்தப் பல்கலைக்கழகம், எந்த ஆண்டு, எத்தனை பேரில், யாரோடு ஒப்பிட்டு? இந்த நான்கையும் எழுதியனுப்பினால் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: 'கே2-18பி' என்ற கோளில் உயிர்கள் இருப்பதைக் கேம்பிரிட்ஜில் உள்ள நம் நாட்டு அறிவியலாளர் கண்டுபிடித்ததற்கு நோபல் பரிசு கிடைக்குமா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: உயிரைக் கண்டுபிடிக்கவில்லை, அவரும் அவ்வாறு சொல்லவில்லை. நிக்கு மதுசூதன் குழு 2025 ஏப்ரலில் அறிவித்தது, சுமார் 120 ஒளியாண்டு தொலைவில் உள்ள அக்கோளின் வளிமண்டலத்தில் டைமெத்தில் சல்ஃபைடு அல்லது அதை ஒத்த வாயுவின் சாயல், ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் அளவீட்டில் தெரிகிறது என்பதே. பூமியில் அவ்வாயு பெரும்பாலும் கடல் நுண்ணுயிர்களால் உண்டாகிறது என்பதால்தான் இத்தனை ஆர்வம். அளவீட்டின் உறுதி 'மூன்று சிக்மா'. (ஒரு முடிவு தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு எவ்வளவு குறைவு என்பதைக் காட்டும் அளவே சிக்மா; எண் கூடக் கூட உறுதியும் கூடும்.) இயற்பியலில் கண்டுபிடிப்பு என்று சொல்ல ஐந்து வேண்டும். அதே தரவுகளை வேறு குழுக்கள் ஆராய்ந்தபோது அந்தச் சாயலே ஐயத்துக்குரியது என்றன. மேலும், உயிர் வாடையே இல்லாத ஒரு வால்வெள்ளியிலும் இவ்வாயு காணப்பட்டிருக்கிறது. பரிசை யார் கழுத்தில் போடலாம் என்ற கவலையைச் சற்று ஒத்திவையுங்கள்.

கேள்வி: கொரோனாவால் ஏற்பட்ட கற்றல் இழப்பு முழுவதையும் 'இல்லம் தேடிக் கல்வி' சரிசெய்துவிட்டதாக ஆய்வு கூறுகிறது என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன். தொடக்கப்பள்ளி ஆசிரியையாகிய எனக்கு நம்பிக்கை வரவில்லை. (விழுப்புரம் வாசகி)

பதில்: தங்கள் ஐயம் நியாயமானது. அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளியலாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமப்புறங்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைச் சோதித்தார்கள். தொற்றுக்கு முன் 2019-இல் எடுத்த அளவு அவர்கள் கையில் இருந்தது என்பதுதான் இந்த ஆய்வின் பலம். இல்லாவிட்டால் இழப்பை எதனோடு ஒப்பிடுவது? பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களில் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அவ்வாறு மீண்டதில் சுமார் கால் பங்கைத்தான் ஆய்வாளர்கள் இத்திட்டத்தின் கணக்கில் வைத்தார்கள். மொத்த இழப்பில் அது ஆறில் ஒன்று. மாலை நேரத்தில் தன்னார்வலர் நடத்திய வகுப்புக்கு இது சிறிய சாதனை அன்று; ஆனால் பெரும்பங்கு, பள்ளிக் கதவு திறந்ததாலும் தங்களைப் போன்ற ஆசிரியைகள் வகுப்பறைக்குத் திரும்பியதாலும் வந்தது என்று கொள்வதே பொருத்தம்.

கேள்வி: நான்கு வயது மகன் முன் லட்டை வைத்து, கால் மணி நேரம் பொறுத்தால் இரண்டாகத் தருவேன் என்றேன். இரண்டு நிமிடத்தில் தின்றுவிட்டான். அவன் எதிர்காலம் என்ன ஆகும்? (கோயம்புத்தூர் வாசகி)

பதில்: லட்டு ஒன்று குறைந்ததைத் தவிர வேறொன்றும் ஆகாது. இந்தப் பொறுமைச் சோதனையைப் புகழ்பெறச் செய்த உளவியலாளர் வால்டர் மிஷெல் அறுபதுகளின் இறுதியில் சோதித்தது ஸ்டான்ஃபோர்டு வளாகத்து மழலையர் பள்ளிக் குழந்தைகளை; பின்னாளில் மதிப்பெண்ணோடு ஒப்பிடக் கிடைத்தவர்கள் நூறு பேர்கூட இல்லை. 2018-இல் வேறொரு குழு 900-க்கு மேற்பட்ட, பலதரப்பட்ட குடும்பத்துக் குழந்தைகளை வைத்துப் பார்த்தபோது, பொறுமைக்கும் பின்னாளைய மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பு பாதியாகச் சுருங்கியது. குடும்பப் பின்னணி முதலியவற்றைக் கணக்கில் எடுத்ததும் எஞ்சியதிலும் மூன்றில் இரண்டு பங்கு மறைந்தது. குழந்தைகளைச் சோதனை எலிகளாக்கும் பெற்றோர், எத்தனை பேரில் என்ற கேள்வியை நினைத்துக்கொள்ளட்டும். தங்கள் ஆய்வில் இருப்பது ஒரே ஒரு பிள்ளை.

கேள்வி: 2023-இல் அறிவிக்கப்பட்ட நெட்டலை ஈர்ப்பலை ஆய்வில் இந்தியாவுக்குப் பங்கு உண்டா? (பெங்களூரு வாசகர்)

பதில்: உண்டு. ஈர்ப்பலை என்பது வெளியையே நீட்டிச் சுருக்கிச் செல்லும் அலை. அது கடக்கும்போது, சீராகத் துடிக்கும் பல்சர் விண்மீன்களின் துடிப்பு நம்மை வந்தடையும் நேரம் மயிரிழை மாறும். புணேவுக்கு வடக்கே நாராயண்காவ் அருகே, ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டமுள்ள முப்பது வானலைக் கிண்ணங்கள் நிற்கின்றன. அவற்றால் பல்சர் விண்மீன்களின் துடிப்புகளைப் பதிவு செய்த இந்தியக் குழு, ஐரோப்பியக் குழுவோடு தரவுகளைச் சேர்த்து 25 பல்சர்களை ஆராய்ந்து 2023 ஜூனில் முடிவை வெளியிட்டது. அமெரிக்கக் குழு ஏறத்தாழ எழுபது பல்சர்களைப் பதினைந்து ஆண்டுகள் பார்த்தது. சான்று வலுவானது, ஆனால் ஐந்து சிக்மாவை இவை எட்டவில்லை என்பதால் அறிவித்தவர்கள் 'சான்று' என்றே எழுதினார்கள், 'கண்டுபிடிப்பு' என்று எழுதவில்லை.