எம்.பி.யும் நானே, வக்கீலும் நானே

கேள்வி: சில எம்.பி.க்கள் காலையில் உச்ச நீதிமன்றத்தில் வாதாடுகிறார்கள், மதியம் மாநிலங்களவையில் பேசுகிறார்கள். சம்பள வேலையில் இருப்பவர் வக்கீல் தொழில் செய்யக் கூடாது என்று விதி இருக்கிறதே, இவர்களுக்கு மட்டும் ஏன் விலக்கு? (வாசகர், விருதுநகர்)

பதில்: விதி இருப்பது உண்மைதான். முழுநேரச் சம்பள ஊழியர் வக்கீலாகத் தொழில் செய்யக் கூடாது என்கிறது, வக்கீல் தொழிலுக்கு விதி வகுக்கும் அமைப்பான இந்திய பார் கவுன்சிலின் 49-வது விதி. இதை வைத்துத்தான் அஸ்வினி குமார் உபாத்யாய என்ற வழக்கறிஞர் (இவரே பா.ஜ.க.காரர்) உச்ச நீதிமன்றம் போனார். 2018 செப்டம்பர் 25 அன்று தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா தலைமையிலான மூன்று நீதிபதிகள் அவருடைய மனுவைத் தள்ளுபடி செய்தார்கள். எம்.பி. சம்பளம் வாங்கினாலும் அரசு அவருக்கு முதலாளி இல்லை, அவர் யாருக்கும் ஊழியர் இல்லை, எனவே 49 அவரைத் தொடாது என்பது தீர்ப்பின் சாரம். தடுக்க வேண்டுமானால் பார் கவுன்சில் தனியாக விதி போட வேண்டும், அப்படி எதுவும் போடவில்லை என்றும் சொன்னார்கள்.

விதியில் இருக்கும் வார்த்தைகளைப் படித்தால் இந்தத் தீர்ப்பு சரி என்றே எனக்குப் படுகிறது. ஆனால் அவர் ஊழியரா இல்லையா என்பதா நம் கவலை? ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்துக்காக வாதாடிக் கட்டணம் வாங்கியவர் அடுத்த வாரமே தொலைத்தொடர்பு மசோதா மீது பேசி ஓட்டும் போட்டால், அங்கே பேசியது தொகுதியா மாநிலமா நிறுவனமா என்று நமக்கு எப்படித் தெரியும்? அது 49-வது விதிக்குள் அடங்குகிற விஷயமே இல்லை.

கேள்வி: அமைச்சரானால்? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: நிறுத்திவிடுவார்கள். சிதம்பரமும் கபில் சிபலும் பதவி போன பிறகு திரும்பவும் கறுப்பு கோட்டை மாட்டிக்கொண்டார்கள். அருண் ஜெட்லி 2009-ல் மாநிலங்களவை எதிர்க்கட்சித் தலைவர் ஆனதுமே தொழிலை விட்டுவிட்டார், அப்போது அவர் அமைச்சர்கூட இல்லை.

கேள்வி: லஞ்சம் வாங்கினால் தப்பு. வக்கீல் ஃபீஸ் நியாயமான வருமானம்தானே, அதில் என்ன கெடுதல்? (வாசகர், கோவை)

பதில்: நியாயமான வருமானமேதான், அதனால்தான் சிக்கல். நியூயார்க் மாநிலத்தில் ஷெல்டன் சில்வர் என்று ஒருவர், 1994 முதல் 2015 வரை அங்கே கீழவை சபாநாயகர். அவருடைய தயவு இல்லாமல் பட்ஜெட் நகராது. கூடவே வக்கீல் தொழிலும் உண்டு, அங்கே சட்டமன்ற உறுப்பினர் வேறு தொழில் செய்யத் தடையில்லை. ஆஸ்பெஸ்டாஸால் வரும் புற்றுநோயை ஆராய்ந்த ஒரு டாக்டருக்கு மாநில அரசின் பணம் 5 லட்சம் டாலர் போய்ச் சேர்ந்தது. அந்த டாக்டர் தன் நோயாளிகளை சில்வர் சார்ந்த வழக்கறிஞர் நிறுவனத்துக்கு அனுப்பினார், அதில் சில்வருக்குப் பங்கு வந்தது. இன்னொரு பக்கம் பெரிய கட்டட நிறுவனங்கள் தங்கள் சொத்து வரி வழக்குகளை வேறொரு சிறிய நிறுவனத்துக்குக் கொடுத்தன, அங்கேயும் அவருக்குப் பங்கு. அந்தக் கட்டடக்காரர்களுக்கு வேண்டிய வாடகைச் சட்டமும் வரிச் சலுகையும் அவர் தலைமை வகித்த அவையைத் தாண்டித்தான் வர வேண்டும். பணம் எல்லாம் ‘ஃபீஸ்’ என்றே கணக்கில் வந்தது.

2015-ல் குற்றவாளி என்றார்கள், 2017-ல் அது ரத்தானது, 2018-ல் மறுபடி குற்றவாளி. 2020-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் டாக்டர் தொடர்பான பகுதியைத் தள்ளிவிட்டது, கட்டடக்காரர்கள் தொடர்பான பகுதி நின்றது. ஆறரை ஆண்டு தண்டனை, 2022 ஜனவரியில் தண்டனைக் காலத்திலேயே இறந்துபோனார். அத்தனை சாட்சியம் இருந்தும் அவ்வளவு இழுபறி என்றால், குற்றவியல் சட்டத்தை மட்டும் நம்பி இதைப் பிடிக்க முடியாது. யாரிடம் ஃபீஸ் வாங்குகிறார் என்பது முன்கூட்டியே வெளியே தெரிய வேண்டும். நம் மாநிலங்களவையில் உறுப்பினர் நலன் பதிவேடு என்று ஒன்று உண்டு, அதில் தொழில்முறை வருமானத்துக்கும் ஒரு தலைப்பு இருக்கிறது. சொந்தப் பண நலன் உள்ள விவாதத்தில் முதலில் அதை அறிவிக்க வேண்டும் என்றும் விதி. ஆனால் சென்ற ஆண்டு ஃபீஸ் கொடுத்த நிறுவனத்தின் நலன் இவருடைய சொந்த நலனா? இல்லை என்று எந்த வக்கீலும் ஐந்து நிமிடத்தில் வாதாடி நிரூபித்துவிடுவார்!

கேள்வி: எங்கள் வார்டு உறுப்பினர் வக்கீல். ஊராட்சியை எதிர்த்து ஒருவர் போட்ட வழக்கை அவரே நடத்துகிறார் என்கிறார்கள். நடத்தலாமா? (வாசகர், தென்காசி மாவட்டம்)

பதில்: கூடாது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-ல் இது தெளிவாகவே இருக்கிறது: ஊராட்சிக்காகக் கட்டணம் வாங்கிக்கொண்டு வாதாடினாலும் சரி, ஊராட்சியை எதிர்த்து வாதாடினாலும் சரி, அது உறுப்பினருக்குத் தகுதியிழப்பு. வார்டு உறுப்பினருக்கு இவ்வளவு கறாராக எழுதத் தெரிந்திருக்கிறது, டெல்லிக்குப் போகிறவருக்கு எழுத மட்டும் கை வரவில்லை. அரசை எதிர்த்து வாதாடவே கூடாது என்று எம்.பி.யைத் தடுக்கச் சொல்லவில்லை, எதிர்க்கட்சி வக்கீல்கள் அரசை எதிர்த்துப் போடும் வழக்குகள் நாட்டுக்குத் தேவை. ஃபீஸ் கொடுத்தவர் பட்டியலை வெளியிட்டு, அவர்கள் சம்பந்தப்பட்ட மசோதாவில் ஓட்டுப் போடாமல் ஒதுங்கினால் எனக்குப் போதும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ‘என்கிறார்கள்’ என்பதை வைத்துக்கொண்டு புகார் எழுதாதீர்கள். நீதிமன்றத்தில் உள்ள வழக்குக் கோப்பில் வக்காலத்து யார் பெயரில் தாக்கலாகியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். உறுப்பினர் பெயர் இருந்தால் அதன் நகல்தான் உங்கள் ஆதாரம். அவருடைய ஜூனியர் பெயர் மட்டும் இருந்தால் கதை வேறு, அப்போது எனக்கு மறுபடி எழுதுங்கள்.