பூப்பலும் இளைப்பும்: கேட்டவர்களுக்குப் பதில்

கல்லூரியில் மைக்ரோபயாலஜி நடத்தி ஓய்வு பெற்றவன் நான், டாக்டர் இல்லை. மார்த்தாண்டத்தில் வீடு. இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவ மழை பிடித்தால் எங்கள் பக்கம் சுவர், செருப்பு, பெல்ட், புத்தகம் எல்லாம் பூஞ்சை பிடித்துப் பூத்துவிடும், அதைத்தான் பூப்பல் என்போம். கூடவே இளைப்பும், அதாவது ஆஸ்துமாவும் வரும். கேரள எல்லை தாண்டினால் அதையே வலிவு என்பார்கள். இந்த இரண்டையும் சேர்த்து வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மருந்தின் அளவை மட்டும் உங்கள் நெஞ்சு டாக்டரிடம் கேளுங்கள்.

குலசேகரத்திலிருந்து ஒரு தாய்: படுக்கையறைச் சுவரில் கறுப்பாகப் பூப்பல் பிடித்திருக்கிறது. மகனுக்கு ஒன்றரை வயது. இதனால் அவனுக்கு ஆஸ்துமா வருமா சார்?

இதில் இரண்டு கேள்வி இருக்கிறதம்மா. ஏற்கெனவே ஆஸ்துமா உள்ளவருக்கு ஈர வீடும் பூஞ்சையும் அதைக் கூட்டும். அதில் சந்தேகமே வேண்டாம். இல்லாத பிள்ளைக்குப் புதிதாக உண்டாக்குமா என்பதுதான் சிக்கலான பகுதி. அமெரிக்காவின் சின்சினாட்டியில் குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். ஒரு வயதில் பூஞ்சை மிகுந்த வீட்டில் இருந்தவர்களுக்கு ஏழு வயதில் ஆஸ்துமா கூடுதலாக இருந்தது. ஏழு வயதில் குடியிருந்த வீட்டின் பூஞ்சைக்கு அந்தத் தொடர்பு தெரியவில்லை. அதாவது ஆரம்ப வயதுதான் முக்கியம்போல.

ஆனால் ஐரோப்பாவில் மாட்டுத் தொழுவத்தோடு வளர்ந்த கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஆஸ்துமா குறைவு என்று 2011-இல் வந்த ஆய்வு சொல்கிறது. அவர்கள் மூச்சில் போனது பல வகை பாக்டீரியா, பல வகை பூஞ்சை. யூரோஷியம் என்ற பூஞ்சை நன்மைப் பக்கமே நின்றது. ஆகவே மண்ணில் விளையாடும் பிள்ளையைத் தடுக்காதீர்கள். ஒன்றிரண்டு இனம் மட்டும் ஈரச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஆட்சி செய்வதுதான் தொல்லை.

உள்ளே என்ன நடக்கிறது என்றால், ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்யூமிகேட்டஸ் என்ற பூஞ்சையின் வித்து 2 முதல் 3 மைக்ரான்தான், ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான். மூக்கில் தங்காமல் நுரையீரலின் ஆழம்வரை போகும். நம் உடம்புச் சூட்டில் முளைக்கவும் செய்யும். அது விடும் நொதிகள் மூச்சுக்குழாயின் உள்தோலை அரிக்கின்றன. அடிபட்ட செல்கள் அபாயக் குரல் எழுப்பும். அதைக் கேட்டு ஒவ்வாமைப் படை கிளம்பும்: ஐஜிஇ என்ற ஒவ்வாமை எதிர்ப்பொருள், ஈயோசினோஃபில் என்ற வெள்ளணு, பிறகு வீக்கம், சளி. மகரந்தம் உள்ளே வந்தால் வந்ததோடு சரி, பூஞ்சை அங்கேயே குடியேறப் பார்க்கும்.

அருமனை வாசகர்: பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, மேலே பெயிண்ட் அடித்தால் போதுமா?

போதாது. அடுத்த மழைக்குப் பெயிண்ட் உரியும், பூப்பல் எட்டிப் பார்க்கும். முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். உடைந்த ஓடா, குளியலறைப் பக்கத்துச் சுவரா, தரையிலிருந்து ஏறும் ஓதமா? அதை அடைக்காமல் செய்வது எல்லாம் வீண் செலவு. செத்த பூஞ்சையும் ஒவ்வாமை உண்டாக்கும் என்பதால், கொல்வதைவிட அகற்றுவதே வேலை. சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். உலர்ந்த துடைப்பத்தால் தட்டினால் வித்து அறை முழுக்கப் பறக்கும். என்95 மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள், இளைப்புக்காரரை அன்று அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பிளீச்சோடு கழிப்பறை ஆசிட்டைக் கலக்கவே கூடாது, விஷவாயு வரும்.

அப்புறம், மழை நாளில் படுக்கையறைக்குள் கொடி கட்டித் துணி காயப்போடுகிறோமே, அந்த ஈரம் முழுவதும் சுவருக்குத்தான் போகிறது. நனைந்த பாயையும் மெத்தையையும் ஒரு நாளுக்குள், மிஞ்சிப்போனால் இரண்டு நாளுக்குள் உலர்த்திவிட வேண்டும்.

பாறசாலையிலிருந்து: எனக்குப் பெனிசிலியம் பூஞ்சை ஒவ்வாமை என்று தோல் பரிசோதனையில் வந்தது. பெனிசிலின் ஊசி போடக்கூடாதா?

பெயர்தான் ஒன்று. பூஞ்சை ஒவ்வாமை வேறு, மருந்து ஒவ்வாமை வேறு. ஒன்று இருப்பதால் மற்றதும் இருக்கும் என்று இல்லை.

கருங்கல் வாசகி: சாம்பிராணிப் புகை போட்டால் பூப்பல் போகுமா அண்ணா?

பூப்பல் போகாது, பிள்ளைக்கு இளைப்பு வரும்.

திருவட்டாறு: ரப்பர் ஷீட்டில் பிடித்த பூப்பலைத் தேய்த்துத் துடைக்கிற வேலை. சாயங்காலம் நெஞ்சு இறுகுகிறது. ஞாயிற்றுக்கிழமை சும்மா இருந்தால் சுகம்.

இந்த ஞாயிற்றுக்கிழமைக் கணக்கை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள் மக்களே, பாதிப் பரிசோதனை அதிலேயே முடிந்துவிடும். பீக் ஃப்ளோ மீட்டர் என்று ஒரு சின்னக் குழாய் விற்கிறது, மூச்சு எவ்வளவு வேகமாக வெளியே வருகிறது என்று காட்டும். வேலை நாளிலும் லீவு நாளிலும் ஊதி எழுதி வையுங்கள். ஷீட்டை வெளியில், காற்றுக்கு முதுகு காட்டி நின்று துடையுங்கள்.

பூத்த வைக்கோல் படப்பைக் கலைத்து நாலைந்து மணி நேரம் கழித்துக் குளிர்காய்ச்சலும் இருமலும் வருகிறதா? அது பெரும்பாலும் ஆஸ்துமா இல்லை, விவசாயி நுரையீரல் என்னும் வேறு நோய். இன்ஹேலரை நம்பி அதைத் தள்ளிப்போடக் கூடாது.

செங்கோட்டை: அப்பாவுக்குப் பல வருட ஆஸ்துமா. இப்போது ரப்பர் துண்டுபோலப் பழுப்பாகச் சளி வருகிறது. டிபி மருந்து சாப்பிட்டும் எக்ஸ்ரே மாறவில்லை.

வந்த கேள்விகளிலேயே என்னைக் கவலைப்படுத்தியது இதுதான். சளியில் டிபி கிருமி பார்த்து உறுதி செய்தார்களா என்று கேளுங்கள். ஏபிபிஏ என்று ஒரு நோய் உண்டு. ஆஸ்பர்ஜில்லஸ் மூச்சுக்குழாய்ச் சளியில் வளர்ந்து, உடம்பு அதோடு ஓயாமல் சண்டை போடும் நிலை. 1952-இல் இங்கிலாந்தில் முதலில் விவரித்தார்கள். நம் நாட்டில் எக்ஸ்ரே நிழலைப் பார்த்து டிபி என்று நினைத்துவிடுவது இதில் அடிக்கடி நடப்பது. ஆஸ்பர்ஜில்லஸ் ஐஜிஇ, மொத்த ஐஜிஇ, நெஞ்சு சிடி ஸ்கேன் ஆகியவை வேண்டும். சிகிச்சை ஸ்டீராய்டு மாத்திரை அல்லது இட்ராகோனசோல். விட்டால் மூச்சுக்குழாய் நிரந்தரமாக விரிந்துபோகும். அப்பா உபயோகிக்கிற இன்ஹேலரின் பெயரைக் கட்டாயம் சொல்லுங்கள், புடெசொனைடு போன்ற சிலவற்றோடு இட்ராகோனசோல் மோதும்.

அதே வாசகர்: ஆஸ்பர்ஜில்லஸ் என்றால் என்ன சார், பெயரே வாயில் நுழையவில்லை.

1729-இல் மிக்கேலி என்ற இத்தாலியர் வைத்த பெயர். கத்தோலிக்கக் கோயிலில் பாதிரியார் தீர்த்தம் தெளிக்கும் கருவிக்கு ஆஸ்பர்ஜில்லம் என்று பெயர். லென்ஸில் பார்த்தபோது அவருக்கு அந்த உருவம் தோன்றியிருக்கிறது. மாணவர்களுக்கு இதைச் சொன்ன பிறகு ஒருவர்கூட மறந்ததில்லை.

குழித்துறை: பேசாமல் மழை குறைந்த வள்ளியூர்ப் பக்கம் வீடு மாறிவிடவா?

முதலில் கூரையில் உடைந்த ஓடுகளை மாற்றுங்கள். ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்று வாங்கிப் படுக்கையறையில் மாட்டுங்கள். 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நல்லது. இந்த மழையில் முள் தானாகக் கீழே இறங்காது, எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டுப் பாருங்கள். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். கார்த்திகை கழிந்து மழை விட்ட பிறகும் இளைப்பு அப்படியே இருந்தால் காரணம் பூப்பல் மட்டும் இல்லை. அப்போது எழுதுங்கள், வள்ளியூரைப் பற்றிப் பேசலாம்.