Re: பனியன்ல 'பண்ணாரி அம்மன்' எழுத்து அடைச்சுக்குது

பனியன்ல அச்சடிச்ச 'பண்ணாரி அம்மன்'ங்கற குழுப் பேருல எழுத்தோட சுழி மையால அடைச்சுக்குதுன்னு கேட்டிருந்தீங்க. திருப்பூர்ல ஸ்கிரீன் அச்சு போட்டவர் மேல தப்பில்லைங்க, கோளாறு நீங்க குடுத்த டிசைன் ஃபைல்லயே இருக்கு. பெரும்பாலான தமிழ் ஃபான்ட்ல சாய்வெழுத்துன்னு தனியா வரைஞ்சிருக்க மாட்டாங்க. நீங்க B (தடிப்பு), I (சாய்வு) பட்டன் ரெண்டையும் அமுக்கினதும் சாஃப்ட்வேர் கோட்டைத் தடிமனாக்கி அப்படியே தள்ளிச் சாய்ச்சிருது. 'ண்ணா'வுல சுழி அடைபடுறது அதனாலதான். உயரத்துல இருக்கிறதுதான் அதிகம் நகரும்: 12 டிகிரி சாய்ச்சா 10 மி.மீ. உயரத்துல இருக்கற மெய்யெழுத்துப் புள்ளி 2 மி.மீ. வலப்பக்கம் போயிரும், முட்டை மாதிரியும் ஆயிரும்.

நோட்டோ சான்ஸ் தமிழ்ங்கற ஃபான்ட்ல போல்டுன்னே தனியா வரைஞ்ச தடிமன் எழுத்து இருக்கு, அதை எடுங்க. B தொடவே வேண்டாம். கோரல் டிசைன் சாஃப்ட்வேர்ல கன்ட்ரோல் க்யூ போட்டு எழுத்தை கர்வ் (வெறும் கோட்டு வடிவம்) ஆக்கி, 8 டிகிரி மட்டும் வலப்பக்கம் சாய்ங்க. புள்ளியை அழிச்சுட்டு, சரியான வட்டமா அந்தந்த எழுத்துக்கு மேலயே வைங்க. கறுப்புத் துணியில வெள்ளை மை ரெண்டு தடவை இழுக்கணும், அதுல மை இன்னும் பரவும். அதனால சுழிக்குள்ள 1 மி.மீ.யாவது வெற்றிடம் விடுங்க.

குழுப் பேருக்கு இந்தத் தடிச் சாய்வு எடுப்பா இருக்கும். கீழ வர்ற ஊரு, போன் நம்பருக்கு நேரெழுத்தே போதுங்க.