எக்செல் பட்டியல் பைத்தானில் ஏன் உடைகிறது?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் கோயிலின் தைப்பூசக் காவடிப் பதிவுகள் எக்செலில் இருக்கின்றன. சிஎஸ்வியாக (பிரிப்புக்குறி போட்ட வெறும் உரைக் கோப்பாக) சேமித்துப் பைத்தான் நிரலில் படித்தால் வரி முழுவதும் ஒரே நெடுவரிசையாக வருகிறது, காணிக்கையைக் கூட்ட முடியவில்லை, அடையாள எண்களும் கெட்டுவிட்டன. என்ன செய்வது?

பதில்: முதலில் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். பெயருக்கும் தொகைக்கும் நடுவில் அரைப்புள்ளி இருக்கும். விண்டோஸில் தென்னாப்பிரிக்க அமைப்பு என்றால் காற்புள்ளி தசமத்துக்குப் போய்விடுகிறது, அதனால் எக்செல் அரைப்புள்ளி போட்டுப் பிரிக்கிறது. சேமிக்கும் பெட்டியில் ‘காற்புள்ளி’ என்றே எழுதியிருந்தாலும் இதே கதைதான். டிக்ட்ரீடரில் (சிஎஸ்வியைத் தலைப்புவாரியாகப் படிக்கும் பைத்தான் கருவி) டெலிமிட்டர், அதாவது பிரிப்புக்குறி, ‘;’ என்று கொடுங்கள், சரியாகிவிடும். வரிகளை ஸ்ப்ளிட் போட்டு நீங்களே வெட்ட வேண்டாம், முகவரிக்குள் யாராவது வரி உடைத்திருப்பார்கள்.

சேமிக்கும்போது யூடிஎஃப்-8 (எல்லா மொழி எழுத்தையும் தாங்கும் குறியாக்கம்) சிஎஸ்வியையே தேர்ந்தெடுங்கள், சாதாரண சிஎஸ்வியில் தமிழ்ப் பெயரெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். படிக்கும்போது என்கோடிங் ‘யூடிஎஃப்-8-சிக்’. அந்த ‘சிக்’கை விட்டால், கோப்பின் தலையில் எக்செல் வைக்கும் கண்ணுக்குத் தெரியாத குறி முதல் தலைப்போடு ஒட்டிக்கொள்ளும், ‘பெயர்’ கண்ணெதிரே இருக்கும்போதே ‘அப்படி ஒரு தலைப்பே இல்லை’ என்று கீஎரர் வரும்.

தொகை ‘1 250,50’ என்று இருக்கும். நடுவில் இருப்பது பெரும்பாலும் சாதாரண இடைவெளி அல்ல, வரி உடையாத இடைவெளி, ரீப்ளேஸில் ஸ்பேஸ் கொடுத்தால் அசையாது. தொகையை மட்டும், அடைப்புக்குள் எதுவும் கொடுக்காமல் ஸ்ப்ளிட் செய்து துண்டுகளை ஒட்டுங்கள், காற்புள்ளியைப் புள்ளியாக்குங்கள், அப்புறம் டெசிமலுக்கு (பைத்தானின் துல்லியமான தசம எண் வகை) அனுப்புங்கள்.

உண்மையான தலைவலி தென்னாப்பிரிக்க அடையாள எண்தான். 13 இலக்கம், முதல் ஆறும் பிறந்த தேதி, அதிலும் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம்தான் முதலில் வரும், அதனால் 2000 முதல் 2009 வரை பிறந்த பிள்ளைகளுக்குப் பூஜ்யத்தில் தொடங்கும். எக்செல் அதை எண்ணாக நினைத்து முன்பூஜ்யத்தைத் தின்றுவிடும், 12 இலக்கமோ அதற்கு மேலோ போனால் ‘9,20515E+12’ மாதிரி சுருக்கியும் காட்டும். சிஎஸ்வியில் போவது திரையில் தெரிவதுதான், ஆகவே அந்தக் கோப்பில் மீதி இலக்கங்கள் கிடையாது, பைத்தானை எவ்வளவு திட்டினாலும் வராது. மூல எக்செல் கோப்புக்கே போய், அந்த நெடுவரிசைக்கு கஸ்டம் ஃபார்மட்டில் 13 பூஜ்யம் அடித்து, மறுபடி சேமியுங்கள். கைபேசி எண்ணுக்கு 10 பூஜ்யம். சேமித்த சிஎஸ்வியை ‘சும்மா பார்க்கலாம்’ என்று எக்செலில் திறந்து சேவ் அடித்துவிடாதீர்கள், மறுபடி முதலிலிருந்து. பாண்டாஸ் (அட்டவணைகளுக்கான பைத்தான் நூலகம்) பயன்படுத்தினால் டிடைப் இடத்தில் எஸ்டிஆர், அதாவது எழுத்து வகை, கொடுங்கள், இல்லையென்றால் அதுவும் பூஜ்யத்தைத் தின்னும்.