அணைக்குக் கீழே மனை: கொடுத்த முன்பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். நகரத்துக்கு வெளியே ஓர் அணைக்குக் கீழே, ஆற்றை ஒட்டி அறுபது மனைகள் போட்டிருக்கிறார்கள். அதில் ஒன்றை 48 லட்சம் ரூபாய்க்குப் பேசி, 6 லட்சத்தை முன்பணமாகக் காசோலையில் கொடுத்தேன். ஒப்பந்தம் எழுதினோம், பதிவு செய்யவில்லை. “அணையைப் பார்த்தபடி வாழலாம், அரசு சான்றளித்த பாதுகாப்பான இடம்” என்று விளம்பரத் தாளில் இருக்கிறது. இப்போது அந்த அணை ‘அதிக அபாய’ வகையில் இருப்பதாகத் தெரிய வந்தது. பணத்தைக் கேட்டால் மனை போட்டவர் மறுக்கிறார். அங்கே ஏற்கெனவே வீடு கட்டிக் குடியேறிவிட்ட என் அக்கா, அணைக்கரையின் அடியில் நீர் கசிவதாகச் சொல்கிறார். என் பணம் வருமா? அணை மீது வழக்குப் போடலாமா?

பதில்: பணம் திரும்ப வருவதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் ‘அதிக அபாயம்’ என்பதைக் காரணமாகக் காட்டினால் வழக்கு பலவீனமாகிவிடும்.

அபாய வகைப்பாடு அணையின் உடல்நிலையைச் சொல்வதில்லை. அணை உடைந்தால் கீழே எத்தனை உயிர்கள், எவ்வளவு சொத்து போகும் என்று கணக்கிட்டுப் போடுவது அது. நேற்றுக் கட்டி முடித்த, ஒரு விரிசல்கூட இல்லாத அணையும் அடியில் ஊர் இருந்தால் அதிக அபாய வகையில்தான் வரும். வயலாக இருந்த இடத்தில் அறுபது வீடுகள் எழும்பினால், அணையில் ஒரு கல்கூட நகராமலே வகை உயரலாம். உங்களுக்கு மனை விற்றவரே அதற்குக் காரணமாகிறார் என்பது இதில் உள்ள வேடிக்கை.

அணையின் நிலையைச் சொல்வது ஆய்வறிக்கை. 2021 டிசம்பர் 30 முதல் நடைமுறையில் இருக்கும் அணைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, அணையின் உரிமையாளர் ஆண்டுதோறும் பருவமழைக்கு முன்பும் பின்பும் ஆய்வு செய்தாக வேண்டும். கண்ட குறைகள் அணை உடையக் காரணமாகக் கூடியவையா, உடனே சரிசெய்ய வேண்டிய பெரிய குறைகளா, சிறு பழுதுகளா என்று தரம் பிரிப்பார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது இதைத்தான். 2024 ஆகஸ்ட் 10ஆம் தேதி இரவு துங்கபத்ரா அணையின் 19ஆம் மதகு அடித்துச் செல்லப்பட்டதே, அன்று அணைச் சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அறுந்தது மதகைத் தாங்கிய சங்கிலி. அபாய வகையை எத்தனை முறை படித்தாலும் சங்கிலியின் நிலை அதில் தெரியாது.

இந்தச் சட்டம் எல்லா அணைக்கும் பொருந்தாது. உயரம் 15 மீட்டருக்கு மேல் இருக்க வேண்டும்; 10 முதல் 15 மீட்டருக்குள் என்றால் கரை நீளம் 500 மீட்டருக்குக் குறையாமல் இருப்பது, கொள்ளளவு பத்து லட்சம் கன மீட்டருக்குக் குறையாமல் இருப்பது போன்ற நிபந்தனைகளில் ஒன்றாவது பொருந்த வேண்டும். உயரத்தை அடித்தளத்தின் மிகத் தாழ்ந்த இடத்திலிருந்து அளப்பார்கள். கண்ணுக்குச் சிறியதாகத் தெரிகிறதே என்று நீங்களாக விட்டுவிட வேண்டாம்.

இனி பணம். மறைந்திருக்கும் குறையை விற்பவர் சொல்ல வேண்டும் என்று சொத்து மாற்றச் சட்டத்தின் 55ஆம் பிரிவு சொல்கிறது. வாங்குபவர் சாதாரணக் கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத குறையாக அது இருக்க வேண்டும். உங்கள் ஆளோ அணையைக் காட்டியே மனையை விற்றிருக்கிறார்! “அணை இருப்பதை மறைத்தார்” என்று எந்த நீதிமன்றத்திலும் சொல்ல முடியாது.

ஆகவே ரெரா (வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் சட்டமும் அதன் ஆணையமும்) வழியில் போங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவை ரெராவில் பதிவு செய்யாமல் விளம்பரம் செய்யவே கூடாது. விளம்பரத் தாளில் ரெரா எண் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது 13ஆம் பிரிவு: விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்க வேண்டுமானால், முதலில் ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்திருக்க வேண்டும். 48 லட்சத்தில் பத்து சதவீதம் 4 லட்சத்து 80 ஆயிரம். அவர் வாங்கியது 6 லட்சம். அங்கேயே மாட்டிக்கொண்டார். மூன்றாவது, “அரசு சான்றளித்த பாதுகாப்பு” என்ற அந்த வரி. அப்படி ஒரு சான்றை அவரால் காட்ட முடியாவிட்டால், பொய் விளம்பரத்தை நம்பிப் பணம் கொடுத்தவர் விலகிக்கொண்டு வட்டியோடு முழுத் தொகையையும் கேட்க 12ஆம் பிரிவு இடம் தருகிறது. விளம்பரத் தாளைப் பத்திரமாக வையுங்கள். முதலில் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்புங்கள். அதற்கும் மசியாவிட்டால் கர்நாடக ரெராவில் புகார் கொடுங்கள்.

அக்காவின் விஷயம்தான் எனக்குக் கவலை தருகிறது. மண் அணையில் தெளிந்த நீர் கொஞ்சம் கசிவது பெரும்பாலும் இயல்பு. கலங்கலாக வந்தாலோ, நாளுக்கு நாள் கூடினாலோ கரைக்குள் மண் அரிப்பதன் அறிகுறியாக இருக்கலாம். அப்போது கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல் மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையை உடனே அழைக்க வேண்டும். 2019 ஜூலையில் மகாராஷ்டிரத்தில் உடைந்த திவரே அணையில் கசிவு இருப்பதாக ஊர்மக்கள் முன்பே புகார் சொல்லியிருந்தார்கள்.

நீர் தெளிவாக இருந்தால், ஒரே இடத்தில் நின்று தேதியுடன் படம் எடுத்து வரச் சொல்லுங்கள். கரை மேல் ஏற வேண்டாம், அது தடைசெய்யப்பட்ட பகுதியாக இருக்கலாம். படங்களோடு செயற்பொறியாளர், மாநில அணைப் பாதுகாப்பு அமைப்பு, மாவட்ட ஆட்சியர் மூவருக்கும் ஒப்புகையுடன் அஞ்சல் அனுப்புங்கள்.

கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. கட்டணம் பத்து ரூபாய். கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும், தமிழில் எழுதினால் செல்லாது. கர்நாடக விதிப்படி ஒரே பொருள், சுமார் 150 சொற்கள். வீட்டுக் கதையெல்லாம் எழுத இடமில்லை. கடந்த மூன்று ஆண்டுகளின் பருவமழை ஆய்வறிக்கைகள், அவற்றில் கண்ட குறைகள், சரிசெய்த தேதிகள், அவசரகாலச் செயல்திட்டத்தில் உள்ள வெள்ளப் பரப்பு வரைபடம், இவற்றை மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். “நாட்டின் பாதுகாப்பு” என்று காரணம் சொல்லி மறுப்பது அதிகாரிகளுக்குப் பழகிய வழி. முதல் மேல்முறையீட்டில் 10ஆம் பிரிவைச் சொல்லி, மறைக்க வேண்டியதை மறைத்து மீதியைக் கொடு என்று கேளுங்கள்.

வழக்கைப் பொறுத்தவரை, சேதம் நடக்காதபோது நஷ்டஈடு கேட்க முடியாது. அணைப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் குற்றப் புகாரை அரசோ, அதிகாரம் பெற்றவரோதான் கொடுக்க முடியும். உங்கள் அக்கா நேரடியாகக் கொடுக்க இயலாது. பசுமைத் தீர்ப்பாயத்தின் சட்டப் பட்டியலிலும் இந்தச் சட்டம் இல்லை. மனு கொடுத்தும் ஆய்வு நடக்கவில்லை, குறை சரிசெய்யப்படவில்லை என்றால் உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226ஆம் பிரிவின் கீழ் நீதிப்பேராணை (அரசு தன் கடமையைச் செய்யும்படி இடும் ஆணை) கேட்கலாம். அங்கே முதல் கேள்வியே “நீங்கள் யாருக்கு எழுதினீர்கள், எப்போது?” என்பதாகத்தான் இருக்கும். ஒப்புகை அட்டைகளை அக்கா ஒரு கோப்பில் சேர்த்து வைக்கட்டும். நீங்களோ, ரெரா புகார் முடியும்வரை மனை போட்டவர் நீட்டும் “சமரசத் தாள்” எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.