முடிவு தெரிவதற்கு முன்பே எழுதுங்கள்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: இரண்டு வருடமாக இரவில் டைரி எழுதுகிறேன். ஆனாலும் அலுவலகத்திலும் வீட்டிலும் செய்த தவறையே திரும்பச் செய்கிறேன். என்னைப் பற்றிப் புதிதாக எதுவும் பிடிபட்ட மாதிரி இல்லை. எங்கே கோளாறு?

பதில்: நீங்கள் எழுதும் நேரத்தில்தான். இரவில் உட்காரும்போது எது எப்படி முடிந்தது என்பது உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. முடிவு தெரிந்த மனம், "இப்படித்தான் ஆகும்னு அப்பவே நினைச்சேன்" என்று பழைய எண்ணத்தையே மாற்றிக்கொள்ளும். பரூக் ஃபிஷாஃப் என்ற உளவியலாளர் 1975-இல் இதைச் சோதனையில் காட்டினார். ஒரு நிகழ்வின் முடிவைச் சொல்லிவிட்டால், அது நடக்க எவ்வளவு வாய்ப்பு இருந்தது என்ற நம் மதிப்பீடு ஏறிவிடுகிறது. ஏறியதை நாம் உணர்வதும் இல்லை. ஆகவே, உங்கள் டைரியில் இருப்பது பெரும்பாலும் திருத்திய பிரதி.

முடிவு எடுக்கும் அன்றே எழுதுங்கள். எல்லாவற்றையும் அல்ல, பலன் தெரிய இரண்டு வாரமாவது ஆகும் முடிவுகளை மட்டும். மாதத்துக்கு இரண்டு மூன்று போதும். முதல் வாரத்தில் ஆர்வத்தில் இருபது எழுதுகிறவர்கள் மூன்றாவது வாரம் நோட்டையே தொடுவதில்லை.

ஒவ்வொரு முடிவுக்கும் ஐந்து வரி: என்ன முடிவு, ஏன், என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறேன், எந்தத் தேதிக்குள், எத்தனை சதவீதம் நம்பிக்கை. கூடவே ஓரத்தில் அன்றைய நிலையைக் குறியுங்கள்: தூக்கம் போதவில்லை, கோபம், அவசரம், யாரோ எதிரில் நின்று பதில் கேட்டார்கள். "நல்லபடியாகப் போகும்" என்று எழுதாதீர்கள். எது நடந்தாலும் அது சரியாகிவிடும். "புதிய பொறுப்பை ஏற்கிறேன். மூன்றாவது மாத முடிவில் வாரம் 45 மணி நேரத்துக்குள் இரண்டு வேலையும் அடங்கும். 80 சதவீதம்" என்றால், அது பொய்க்க இடம் இருக்கிறது. கற்றுக்கொள்ள அந்த இடம்தான் வேண்டும்.

குறித்த தேதி வந்ததும் நோட்டை உடனே புரட்டாதீர்கள். அன்று என்ன எழுதினேன் என்று நினைவிலிருந்து ஒரு தாளில் எழுதிவிட்டுப் பிறகு ஒப்பிடுங்கள். இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தைப் பார்ப்பது பலருக்கு முதல் அதிர்ச்சி.

பத்துப் பதினைந்து பதிவு சேர்ந்த பிறகு ஓரக் குறிப்பை வைத்து வகை பிரித்துப் பாருங்கள். எதிரில் ஆள் நின்றபோது சொன்ன "சரி"கள் மட்டும் தொடர்ந்து சறுக்கியிருந்தால், கோளாறு உங்கள் அறிவில் இல்லை, பதில் சொல்லும் வேகத்தில். "நாளை காலை சொல்கிறேன்" என்ற ஒரு வாக்கியமே மருந்து. 80 சதவீதம் என்று எழுதிய பத்தில் ஏழோ ஒன்பதோ பலித்தால் கவலை இல்லை. நான்குதான் பலித்தது என்றால், அந்த வகை விஷயத்தில் உங்கள் உறுதியை நம்பி வாக்குக் கொடுக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. பலன் கெட்டதாலேயே முடிவும் கெட்டது என்று எழுதிவிடாதீர்கள். காரணம் சரியாக இருந்ததா, பலன் சரியாக வந்ததா என்று இரண்டு தனித்தனிக் குறி போடுங்கள். தவறான காரணத்தால் எடுத்து, அதிர்ஷ்டத்தால் தப்பிய முடிவுகள்தான் பின்னால் பெரிதாகக் கடிக்கும். மேலாண்மை அறிஞர் பீட்டர் டிரக்கர் பெரிய முடிவுகளை 9 அல்லது 12 மாதம் கழித்து இப்படி ஒப்பிடச் சொன்னார். சிறியவற்றுக்கு அவ்வளவு காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: இரண்டு நாளில் முடிப்பேன் என்று சொல்லும் வேலை எப்போதும் நான்கு நாள் இழுக்கிறது. நான் சோம்பேறியா?

பதில்: இல்லை. உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இலேயே இதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள்: திட்டமிடல் பிழை. 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், மாணவர்கள் தங்கள் ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் ஆகும் என்றார்கள். எல்லாமே மோசமாகப் போனால் 49 நாள் என்றார்கள். ஆனது 55. அவநம்பிக்கையோடு போட்ட கணக்கும் போதவில்லை என்பதைக் கவனியுங்கள்.

வேலையை மனதில் ஓட்டிப் பார்க்கும்போது தடங்கல் இல்லாத ஒரே பாதைதான் தெரியும். அதனால் யோசித்து நாள் சொல்லாதீர்கள். இதே மாதிரி கடைசியாகச் செய்த ஐந்து வேலைக்குச் சொன்ன நாளையும் ஆன நாளையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஆனதைச் சொன்னதால் வகுங்கள். வரும் ஐந்து எண்ணை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது உங்கள் பெருக்கு எண். அது 1.8 என்றால், மனம் 5 நாள் என்று சொல்லும்போது வாய் 9 என்று சொல்லட்டும். வேலையின் வகை மாறினால் எண்ணும் மாறும். எழுத்து வேலையின் எண்ணைக் கணக்கு வேலைக்குப் பயன்படுத்த வேண்டாம். கணக்கில் பெரும்பாலும் விட்டுப்போவது, அடுத்தவர் பதிலுக்காகக் காத்திருக்கும் நாட்கள்.

கேள்வி: என் வேலை எப்படி இருக்கிறது என்று கேட்டால் எல்லோரும் "நல்லா இருக்கு" என்கிறார்கள். உண்மையை எப்படி வாங்குவது?

பதில்: கேள்வியைச் சிறிதாக்குங்கள். உளவியலாளர்கள் ஜோசப் லுஃப்டும் ஹாரிங்டன் இங்ஹாமும் 1955-இல் வரைந்த "ஜோஹாரி ஜன்னல்" படத்தில், பிறருக்குத் தெரிந்து நமக்குத் தெரியாத ஒரு கட்டம் உண்டு. பொதுவாகக் கேட்டால் அது திறக்காது. "நேற்றைய கூட்டத்தில் நான் பேசியதில் எந்த இடத்தில் உங்களுக்குக் கவனம் விலகியது?" என்று கேளுங்கள். ஒரு நிகழ்வு, ஒரே கேள்வி, ஓரிரு நாளுக்குள். முடிந்தால் முன்கூட்டியே, "இதைக் கவனித்துச் சொல்லுங்கள்" என்று சொல்லிவையுங்கள்.

பதில் வந்ததும் விளக்கம் சொல்லாதீர்கள். "இல்லை, அது ஏனென்றால்..." என்று தொடங்கினால் அடுத்த முறை அவரிடமிருந்து "நல்லா இருக்கு"தான் வரும். நன்றி சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். ஒருவர் சொன்னதை வைத்து மாற வேண்டியதில்லை. தொடர்பில்லாத மூன்று பேர் ஒன்றையே சொன்னால் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்கிறார்களே? 22-ஆம் நாளும் எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

பதில்: அந்த எண், மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 1960-இல் எழுதியதிலிருந்து பரவியது. புதிய முகத்துக்கு நோயாளிகள் பழகக் குறைந்தது 21 நாள் ஆவதைக் கண்டு சொன்னார். "குறைந்தது" என்பது வழியில் உதிர்ந்துவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்துக் கணித்ததில், ஒரு செயல் தானாக நடக்கும் நிலையை எட்ட நடுவெண் 66 நாள். ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. ஒரு நாள் விட்டுப்போனது பெரிய பாதிப்பைத் தரவில்லை. உங்கள் செயலை, தினமும் தவறாமல் நடக்கும் ஒன்றின் பின்னால் கட்டிவிடுங்கள். "காலையில்" என்பதைவிட "பல் தேய்த்து முடித்ததும்" என்பது உறுதியான கொக்கி. விட்டுப்போன நாளுக்காக மறுநாள் இரட்டிப்பாகச் செய்ய வேண்டாம். வழக்கமான அளவே போதும்.