லிஃப்ட் பட்டனைத் தொடாமல் இயக்க அச்சிட்ட சென்சார் தாள் போதுமா?

கேள்வி: பெரம்பூரில் ஸ்கேன் சென்டர் நடத்துகிறோம். நோயாளிகள் எல்லோரும் லிஃப்ட் பட்டனைத் தொடுகிறார்கள். கையை அருகே கொண்டுபோனாலே வேலை செய்யும் ஆர்கானிக் சென்சார் தாள் போடலாம் என்கிறார்கள். சென்னை வெயிலுக்கும் ஈரக்காற்றுக்கும் அது தாங்குமா?

பதில்: தாங்கும். ஆனால் எந்த வகைத் தாள் என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். ஆர்கானிக் என்றால் இங்கே மின்சாரம் கடத்தும் கார்பன் பிளாஸ்டிக். 1977-ல் இதைக் காட்டிய ஹீகர், மெக்டயர்மிட், ஷிராகவா மூவருக்கும் 2000-ல் வேதியியல் நோபல் கிடைத்தது. அந்தப் பிளாஸ்டிக்கை மையாக்கி, கல்யாணப் பத்திரிகை அடிக்கிற ஸ்கிரீன் பிரிண்டிங் முறையிலேயே பாலியெஸ்டர் தாளில் அச்சிடுகிறார்கள்.

ஒரு வகைத் தாள் கையின் வெப்பத்தை உணரும். பிவிடிஎஃப் என்ற பிளாஸ்டிக் அது. சென்னைக்கு நான் சொல்லமாட்டேன். உள்ளங்கைத் தோல் சுமார் 33, 34 டிகிரி. மே மாத மதியம் ஏசி இல்லாத லிஃப்ட் வாசலும் கிட்டத்தட்ட அதே சூடு. வித்தியாசம் இருந்தால்தானே சென்சாருக்குத் தெரியும்? உடல் வெப்பக் கதிர் அக்ரிலிக்கையும் கண்ணாடியையும் தாண்டாது என்பதால் பலகைக்குப் பின்னால் ஒளித்து வைக்கவும் முடியாது.

உங்களுக்கு ஏற்றது கெபாசிடிவ் வகை, அதாவது விரல் அருகே வரும்போது மின்புலம் மாறுவதை உணர்வது. 3 மில்லிமீட்டர் அக்ரிலிக்குக்குப் பின்னால் ஒட்டினாலும் விரலை உணரும். அச்சிட்ட வட்டம் எவ்வளவு அகலமோ, ஏறக்குறைய அவ்வளவு தூரம்தான் எட்டும்; 3 சென்டிமீட்டர் வட்டத்திடம் ஒரு முழம் எதிர்பார்க்காதீர்கள். ஸ்டீல் பலகை என்றால் பட்டன் இடத்தை வெட்டி அக்ரிலிக் பதிக்க வேண்டும்.

இனி ஈரம். பெடாட் எனப்படும் கடத்தும் மை ஈரத்தை உறிஞ்சும், அதன் மின்தடை மாறும். டிரான்சிஸ்டரையும் (மின்சாரத்தைத் திறந்து மூடும் குட்டி சுவிட்ச்) அச்சிட்டுத் தருகிறோம் என்றால் அது பெரிய தலைவலி. விரலை உணரும் வெறும் வட்டமாக இருந்தால் பாதிப்பு குறைவு, அதில் ஓடும் மின்சாரமே துளிதான். ஆகவே வட்டம் மட்டும் அச்சாகட்டும், கணக்கு பார்ப்பது சாதாரண சிலிக்கான் சிப்பாக இருக்கட்டும்.

தாளிலிருந்து சிப்புக்குப் போகும் பட்டை வாலையும் அதன் கனெக்டரையும் உற்றுப் பாருங்கள். பழுதான ஒரு மெம்பரேன் கீபேடை (தாளில் அச்சிட்ட பட்டன் பலகை) பிரித்து லென்ஸில் பார்த்தேன்: மின்சாரம் கொண்டுபோகும் இரண்டு வெள்ளி உலோக மைக் கோடுகளுக்கு நடுவே பெரணி இலை போலக் கறுப்பாகக் கிளைவிட்டிருந்தது. ஈரத்தில் வெள்ளி நகர்ந்து வளர்ந்து ஷார்ட் ஆக்கிவிட்டது. வெள்ளிக் கோட்டின் மேல் கார்பன் மைப் பூச்சு, ஓரம் முழுக்க சீல், இரண்டும் இருக்கிறதா என்று கேளுங்கள்.

வாங்குமுன் ஈரத்துணியால் பலகையைத் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள். எல்லா மாடிகளின் பட்டன் விளக்கும் ஒரே நேரத்தில் எரிந்தால், ஈரத்தையே விரல் என்று எடுத்துக்கொள்கிறது; சிப்பின் புரோகிராமை மாற்றித்தான் தர வேண்டும்.

பார்வையற்றவர்கள் பிரெய்ல் எழுத்தைத் தடவித்தான் மாடியைத் தேடுவார்கள். விரல் போகிற வழியெல்லாம் பட்டன் எரிந்தால் அவர்கள் என்ன செய்வார்கள்? விரல் அரை விநாடி நின்றால் மட்டும் ஏற்கும்படி வைக்கச் சொல்லுங்கள், பழைய அழுத்து பட்டன் வரிசையையும் கழற்றாதீர்கள்.